கண்ணம்மாள் வாங்கிய சத்தியம்

பிலாக்காட்டில் யாருமே குடிப்பதில்லை என்று எங்கள் ஆய்வு சொன்னது. ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கி, "போன மாசத்துல ஒரு தடவையாவது குடிச்சீங்களா?" என்று கேட்டவள் நான்தான். அத்தனை ஆண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "இல்லீங்க." மதுக்கடையை மூடினால் பெரியவர்களின் குடிப்பழக்கம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சேலத்தில் உட்கார்ந்து ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குப் பிலாக்காட்டு முடிவைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. குறைவதென்ன ஷெர்லின், பூண்டோடு போய்விட்டதே என்று போனில் சிரித்தார். நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, சித்தப்பா, எஸ்டேட் ரைட்டர் மாமா என்று குடிப்பவர்களுக்கு நடுவே வளர்ந்தவள். ஒருவன்கூடக் குடிக்காத ஆண்கள் கூட்டத்தை நான் எங்கள் சர்ச்சில்கூடப் பார்த்ததில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று தெரியும். ஏன் மறைக்கிறார்கள் என்றும் தெரியும். பிலாக்காடு வாழவந்திக்கு அந்தப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு மேலே இருக்கிற சின்ன ஊர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் கீழே ரோட்டோரம் ஒரு மதுக்கடை இருந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்து அதை மூட வைத்தார்கள். முன்னால் நின்றவள் கண்ணம்மாள். மிளகும் காப்பியும் கொஞ்சம் வைத்திருக்கிற சித்தனின் மனைவி. நாலு பேர் சேர்ந்து பிடித்தாலும் நகர்த்த முடியாத பிடிவாதக்காரி.

கடை போனதோடு அவள் விடவில்லை. "கடை போனாச் சாராயக் கேன் வரும், கேன் போனாப் பாக்கெட் வரும்" என்று சொல்லி, ஊர்க்கோயிலில் ஆண்களை வரிசையாக நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஒவ்வொருவனும் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, 'இனிக் குடித்தால் என் தலைப்பிள்ளை தங்காது' என்று சொல்ல வேண்டும். கண்ணம்மாள் எதிரில் நின்று, 'வாங்கிக்கிட்டேன்' என்பாள். பிள்ளை இல்லாதவன் அண்ணன் பிள்ளைமேல் செய்தான். கல்யாணமாகாதவன் அக்கா பிள்ளைமேல் செய்தான். பூசாரி ஐயாக்கண்ணுவையும் அவள் விட்டுவைக்கவில்லை.

பாதிப் பேர் நிஜமாகவே விட்டார்கள். அதை இன்றைக்கும் நம்புகிறேன். அந்த ஊர்ப் பெண்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மீதிப் பாதி ஓடைப்பக்கம் இறங்கிக் குடித்துவிட்டு, வாடை போகக் கொய்யா இலையை மென்றுகொண்டு வீடு திரும்பியது. இதில் இன்னொன்றும் உண்டு. திருட்டுத்தனமாகக் குடிப்பவனைச் சாமி போனால் போகிறது என்று விட்டாலும் விடும். குடித்தேன் என்று வாய் ஒப்புக்கொண்டால்தான் சத்தியம் பிள்ளைமேல் பாயும். அப்படி ஒரு நம்பிக்கை அங்கே. பிறகு எவன் என்னிடம் ஆமாம் என்பான்? பேராசிரியரிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். சுவாரசியமாக இருக்கிறது என்றார்.

பிப்ரவரியில் இரண்டாம் சுற்றுக் கேள்விகளோடு கிளம்பினேன். ஆய்வுக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த ஜீப்பை ஓட்டியது ரொனால்ட் அண்ணன். எங்கள் தெருக்காரர். வாய் ஓயாமல் பேசுவார். அன்றைக்கு வழியெல்லாம் நல்ல வெயில். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள் பறிப்புக்குத் தயாராகப் பழுத்துத் தொங்கின. ஊருக்குள் நுழைந்ததும் ரொனால்ட் அண்ணன் பேச்சை நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, மரத்துல ஒரு ஏணியக்கூடக் காணோம்?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். மிளகுப் பறிப்பு நாளில் மரத்துக்கு மரம் ஏணி சாய்ந்திருக்கும். மேலே இருப்பவனும் கீழே இருப்பவளும் கத்திப் பேசிக்கொள்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். ஒரு ஏணியும் இல்லை. சத்தமும் இல்லை. பாதி வீடுகளின் கதவு சாத்திக் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

கண்ணம்மாள் வீட்டு முன்னால் காப்பிக்கொட்டை காயும் களம். அதன் ஓரத்தில் சித்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் வாந்தி எடுத்த இடத்தில் மண் போட்டு மூடியிருந்தது. மூச்சு வேகவேகமாக வந்தது. மேட்டுக்கு ஓடி வந்தவன் மாதிரி இருந்தது. ஆனால் அவர் எங்கும் ஓடியிருக்கவில்லை. என் செருப்புச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்.

"யாருங்க? அம்மிணியா? வாங்க, வாங்க. இந்தப் பனியில எப்பிடி வண்டியில வந்தீங்க?"

"பனியா?"

"இதென்னுங்க, இப்பிடி இறங்கிக் கெடக்குது. களமே தெரியல. வெள்ளையா இருக்குது."

தலைக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. களத்தில் கிடந்த கொட்டையைக் காலால் தொட்டால் சுடும். இந்த வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு டாக்டர் கள்ளச் சாராயத்தில் கலக்கும் மெத்தனாலைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. குடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கும், கண்ணில் வெள்ளையாகப் படரும். கண் சரியில்லை என்று சொன்னான் என்றால் அப்புறம் கேள்வி கேட்காதே, வண்டியில் தூக்கிப் போடு என்றார் அவர்.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்கு வாய் திறக்கும். "கண்ணம்மாக்கா! அக்கா! வெளிய வாங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

கண்ணம்மாள் மோர்ச் செம்போடு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னுங்க அம்மிணி, இப்பிடிக் கத்தறீங்க? பித்தமுங்க. வெயில்ல மிளகு பறிச்சது ஒத்துக்கல."

"அக்கா, இது பித்தமில்லை. நேத்து இவரு பாக்கெட் குடிச்சிருக்காரு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். லேட்டானா கண்ணு போயிடும். அப்புறம் உசிரும் போயிடும்."

மோர் தளும்பிப் புடவையில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"அவரு குடிக்கல."

"அக்கா..."

"குடிக்கலீங்க! எம்பொண்ணு தலைமேல சத்தியம் பண்ணியிருக்காரு. குடிச்சாருன்னு நீங்க ஏனுங்க சொல்றீங்க? எம்பொண்ணு உசுரோட இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலீங்களா?"

அவர்களுக்கு ஒரே பெண், சிவரஞ்சனி. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். போன தடவை வந்தபோது கண்ணம்மாள் அவள் போட்டோவைக் காட்டி, ரத்தத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிருவா எம்மவ என்று பெருமைப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் தலைமேல் சத்தியம் செய்துவிட்டு இந்த மனிதர் ஓடைக்கு இறங்கியிருக்கிறார். கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் என் பக்கம் நிமிர்ந்து, இல்லாத பனிக்குள் என்னைத் தேடினார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"சித்தண்ணா, நீங்களாவது சொல்லுங்க. யாரு யாரு குடிச்சீங்க?"

"வயித்து வலிங்க" என்றார்.

ரொனால்ட் அண்ணன் அவரைத் தூக்கப் போனார். சித்தன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன குடித்தாய் என்று கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், போலீஸ் வரும், ஊருக்குத் தெரியும். அதெல்லாம் ஒப்புக்கொள்வதுதானே. அந்தப் பிடியை விடுவிக்க எங்கள் இரண்டு பேரால் ஆகவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணா, ஒரு கை பிடிக்க வாங்க, சித்தண்ணனுக்கு முடியல" என்று கதவைத் தட்டினேன். கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அவருக்குக் காய்ச்சலுங்க. படுத்திருக்காரு."

அடுத்த வீடு. "தலைவலீங்க அம்மிணி. எந்திரிக்க முடியாது." அதற்கடுத்த வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் உள்ளே யாரோ ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அதற்கடுத்ததில் ஒரு ஆண்குரல், "ஏண்டி, விளக்க ஏத்துங்கடி, இருட்டாக் கெடக்குது" என்றது. பகல் வெளிச்சத்தில், ஓட்டுச் சந்தெல்லாம் வெயில் ஒழுகுகிற வீட்டுக்குள்ளிருந்து.

சித்தன் ஒருவரில்லை. நேற்றைய மிளகுப் பறிப்பு முடிந்து ஓடையில் ஒன்றாக உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவன் கண்ணை இழந்துகொண்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் கெட்டிக்காரத்தனமாகக் கேள்வி கேட்டு, 'இல்லீங்க' வாங்கிக்கொண்டு போன அதே கதவுகள். குடிக்காத ஆண்கள் பாதிப் பேர் தோட்ட வேலைக்குக் கீழே போயிருந்தார்கள். மீதிப் பேர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்களே தவிர, கிட்டே வரவில்லை. அடுத்தவன் சத்தியத்தை உடைத்த பாவம் தங்களுக்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியாகப் பூசாரி வீட்டுக்குப் போனேன். பூசாரி சொன்னால் ஊர் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. கதவு ஒரு விரல்கடை திறந்தது. ஐயாக்கண்ணுவின் மனைவி பாதி முகத்தைக் காட்டினாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று அந்தப் பாதி முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, ஐயாவை வரச் சொல்லுங்க. வண்டி இருக்கு. எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடலாம்."

"போக முடியாதுங்க. சத்தியம் நிக்குது."

"செத்துடுவாரும்மா!"

"அவரு செத்தா அவரோட போவும். எம்புள்ள நல்லா இருக்கோணும்." அவள் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண்ணம்மா வாங்குன சத்தியம். அவ திருப்பி வாங்கிக்கட்டும். அப்பறம் கதவத் தொறக்கறேன். அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. நான் திரும்பக் களத்துக்கு ஓடினேன். அதற்குள் சித்தன் சரிந்து படுத்துவிட்டார். ரொனால்ட் அண்ணன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, 'மரியே வாழ்க' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பூசாரி மனைவி சொன்னதைச் சொன்னேன். கண்ணம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்பி வாங்கறதுன்னா என்னான்னு தெரியுமுங்களா அம்மிணி?"

"தெரியாதுக்கா."

"சத்தியம் வாங்கினவங்க திருப்பி வாங்கிக்கலாம். அப்ப அவிங்க புள்ளைங்க தப்பிச்சுக்கும். ஆனா அந்தப் பழி சும்மா போவாது. வாங்கினவ தலைப்புள்ள மேல வந்து நிக்கும். ஒருத்தரு பழியில்ல. ஊர் முச்சூடும் குடிச்ச பழி. எஞ்சிவரஞ்சனி மேல."

"வேண்டாம்" என்றார் சித்தன் படுத்தபடியே. மூச்சுக்கு மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். "எங்கண்ணு போனாப் போவுது. நாம் போனாலும் போவுது. புள்ளைய விட்டுரு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, இதெல்லாம் வெறும் பேச்சு! வாயால சொல்றதுதானே? சொல்லிட்டா என்ன ஆகிடும்? ஒரு ஊரே செத்துக்கிட்டு இருக்கு, நீங்க பேச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க!"

கண்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"வெறும் பேச்சுதானுங்களே? உங்களுக்கும் ஒரு பையன் இருக்கறானில்லீங்க. மேக்ஸ்வெல்லுன்னு. 'இந்த ஊர்ப் பழியெல்லாம் எம்பையன் மேக்ஸ்வெல் தலைமேல'ன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னா நானும் சொல்லிடறேன்."

மேக்ஸ்வெல் அந்த நேரத்தில் ஏற்காட்டில் எல்கேஜி வகுப்பில் உட்கார்ந்திருப்பான். காலையில் ஷூ மாட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தவனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு வந்திருந்தேன். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கற்பூரச் சத்தியத்தில் எனக்கு ஒரு பொட்டு நம்பிக்கையும் கிடையாது. கிடையவே கிடையாது. வாயைத் திறந்தேன். 'இந்த ஊர்ப் பழி' என்பது வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்கப்புறம் அவன் பெயரைச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. வண்டி, பள்ளிக்கூடக் கிணறு, பாம்பு, காய்ச்சல் என்று ஏதேதோ கண்முன்னால் வந்தது. பயத்தில் எனக்கு வாய் அடைத்தது அதுதான் முதல் தடவை.

"முடியலக்கா" என்றேன். "எனக்கும் பயமா இருக்கு."

கண்ணம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை ஊரில் ஒருத்தரும், நான் உட்பட, அவள் பயத்தைப் பயம் என்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தலை அவளுதுங்க. அவளையே கேக்கறேன்."

களத்துக்கு மேலே ஒரு பாறை. அதன்மேல் ஏறினால்தான் சிக்னல் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுச் சொன்னேன். ரொனால்ட் அண்ணன் ஏற்காடு ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, இருக்கிற ஜீப்பையெல்லாம் விரட்டச் சொன்னார். அப்புறம் கண்ணம்மாள் மகளுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கண்ணம்மாள் உதடு வெளுத்துவிட்டது.

"பலிச்சிருச்சுங்களா அம்மிணி? நீங்க குடிச்சாருன்னு சொன்னீங்களே, அப்பவே பலிச்சிருச்சுங்களா?"

இல்லைக்கா, வகுப்பில் இருப்பாள் என்று சொன்னேன். இத்தனை படித்து என்ன? ஒரு போன் எடுக்காததற்கு நானும் அவளைப் போலவே அந்தப் பாறையில் நின்று நடுங்கினேன். மூன்றாவது தடவை சிவரஞ்சனி எடுத்தாள்.

"என்னம்மா? லேப்புல இருக்கேன். அப்பறம் கூப்பிடறேன்."

"கண்ணு, வெச்சுராத. உங்கப்பனுக்குக் கண்ணு தெரியல சாமி."

"என்னது? அடிபட்டுருச்சா?"

நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். பாக்கெட், வாந்தி, கண், சாத்திய கதவுகள், பூசாரி மனைவி சொன்ன பேச்சு. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். "மெத்தனாலா இருக்கும்க்கா. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். உடனே கொண்டுவாங்க" என்று அவசரமாகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. படித்த பெண், இனி இவளே அம்மாவைத் திட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கண்ணம்மாள் போன் அருகே குனிந்தாள்.

"சத்தியத்தத் திருப்பி வாங்கினாத்தான் அவங்க கதவத் தொறப்பாங்க கண்ணு. வாங்கினா ஊர்ப் பழி உந்தலைமேல வந்துரும். நீ சொல்லு சாமி. வாங்கிக்கட்டுமா?"

போனில் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. 'இதென்னம்மா பைத்தியக்காரத்தனம்' என்று அவள் சொல்லப்போவதற்காக நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா" என்றாள் கடைசியில். குரல் சின்னப் பிள்ளைக் குரலாகியிருந்தது. "ஊர்ல அல்லாரு பழியுமா?"

"அல்லாருதும் கண்ணு."

மறுபடியும் மெஷின் சத்தம்.

"சரிம்மா. வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாள்.

கண்ணம்மாள் பாறையிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குள் போய்க் கற்பூரப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். முதலில் தன் வீட்டு வாசலில் ஒன்றை ஏற்றி, உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாள். "இந்த ஊட்டுச் சத்தியத்த எம்மவ சிவரஞ்சனி தலைமேல நாந் திருப்பி வாங்கிக்கிட்டேன்" என்றாள். சித்தன் 'ஐயோ' என்று கத்தினார். ஆனால் அவர் கை சுவரை விட்டுவிட்டது. ரொனால்ட் அண்ணன் அவரை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து ஒரு கற்பூரம். ஒவ்வொன்றையும் அதே உள்ளங்கையால் அணைத்தாள். "உங்க ஊட்டுச் சத்தியமும் எம்மவ தலைமேல வந்துருச்சு. உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. கதவத் தொறங்க." நாலைந்து வீட்டுக்குள் கை கறுத்துக் கொப்புளம் கண்டுவிட்டது. இடது கையை மாற்றச் சொன்னேன். சத்தியம் வலது கையால்தான் என்றாள். ஒவ்வொரு வாசலிலும் மகள் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கடைசிக்கு வரும்போது உதடு மட்டும்தான் அசைந்தது.

கதவுகள் திறந்தன. உள்ளேயிருந்து ஆண்கள் வந்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டு வந்தான் ஒருவன். பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டு வந்தான் இன்னொருவன். முருகன் என்று ஒரு பையன், போன வருஷம்தான் கல்யாணமானவன், வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டு கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. குடிக்காத ஆண்கள் இப்போதுதான் ஓடி வந்து ஆளுக்கொருவரைத் தூக்கினார்கள். ஜீப்புகள் மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டது.

குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினோம். எங்கள் ஜீப்பில் சித்தனும் பூசாரியும். பூசாரிக்குப் பாதி வழியிலேயே மூச்சு மட்டுப்பட்டுவிட்டது. அவர் மனைவி அவர் மார்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். எதிரே ஒவ்வொரு வண்டி வரும்போதும் கண்ணம்மாள் என் தொடையை இறுக்கிப் பிடித்தாள். எங்களுக்காக இல்லை. சேலத்தில் எங்கேயோ ஒரு பஸ்ஸில் மகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு.

ஐயாக்கண்ணு பிழைக்கவில்லை. அவரோடு இன்னொருவரும். மற்றவர்கள் பிழைத்தார்கள். முருகனுக்குப் பார்வை ஓரளவு திரும்பியது. சித்தனுக்குத் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். கண்ணம்மாள் கட்டுப்போட்ட கையோடு நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேராசிரியர் போன் பண்ணி, பிலாக்காட்டு எண்களை இனி என்ன செய்வது என்று கேட்டார். கடையை மூடினது சரியா தப்பா என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். ஒரு வரியில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்று கத்திவிட்டு வைத்தேன். பிறகு ஏற்காட்டுக்குப் போன் போட்டு மேக்ஸ்வெல் சாப்பிட்டானா என்று கேட்டேன். அன்றைக்கு அது எத்தனையாவது போன் என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் சித்தனைப் பார்க்கப் போனேன். சிவரஞ்சனி அப்பாவுக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணம்மாள் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, கணவனைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தண்ணீர் குடித்தால் புரை ஏறுமோ என்று பார்த்தாள். படியில் இறங்கினால் கூடவே எழுந்தாள். கடைசியில் டீ வாங்கிவர நான் கூடப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் மகளை வெளியே விட்டாள்.

டீக்கடை எதிர்ச்சாரியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றோம்.

"அக்கா, இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டாள் சிவரஞ்சனி.

"இல்லம்மா."

"நானும் நம்பல. ஹாஸ்டல்ல சொன்னேன். அல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்."

தூரத்தில் ஒரு டவுன் பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அது கிளம்பி வருவதற்குள் பத்துப் பேர் ரோட்டைத் தாண்டலாம். அவள் நின்றாள். பஸ் வந்து போனது. ஒரு ஆட்டோ போனது. ஸ்கூட்டியில் ஒரு அம்மா குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ரோட்டில் எதுவுமே இல்லை. சிவரஞ்சனி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா" என்றாள்.

நான் வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன். மறுபடியும் வலது பக்கம் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.